கப்பலில் கடைசி நாள் காலை: அம்மாவின் ஊசியும் பசியாறலும்

சொகுசுக் கப்பலில் போகப் போகிறோம் என்று யாராவது சொன்னால், என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்த அறை நல்லது, பால்கனி எடுக்கலாமா, சைவம் கிடைக்குமா என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு. "கடைசி நாள் காலையில எங்க பசியாறப் போறீங்க, எத்தனை மணிக்கு?" வீட்டில் சர்க்கரைக்கு ஊசி போடுகிற பெரியவர் இருந்தால் பதில் வரும்வரை விடமாட்டேன்.

என் அம்மாவுக்கு 73 வயது. இருபது வருஷத்துச் சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின். அப்பா சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். எத்தனையோ கப்பலுக்குத் துரு சுரண்டிச் சாயம் பூசியிருக்கிறார், ஒன்றில்கூடப் பயணியாக ஏறியதில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மாவையாவது ஒரு தடவை கூட்டிப் போக வேண்டும் என்றுதான் முதல் பயணத்துக்குப் பதிந்தோம். நான், வீட்டுக்காரர், மகன், அம்மா. மரினா பே கப்பல் முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய், திரும்பவும் அங்கேயே இறங்குவது. நான்கு இரவுகள்.

முதல் நாலு நாளும் எந்தக் குறையும் இல்லை. காலையில் ஆற அமர, மேல்தளத்தில் நாமே எடுத்துச் சாப்பிடும் பந்திக்குப் போவோம். ஒன்பது மணிக்குப் போனாலும் இடம் இருக்கும். கஞ்சி, நாசி லெமாக், இட்லி, உப்புமா என்று எல்லாம் இருக்கும். அதனால் ஐந்தாம் நாள் காலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அது வேறு மாதிரியான காலை. காலையில் கரை சேரும் கப்பல் அன்று சாயங்காலமே அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. நடுவில் இருக்கும் சில மணி நேரத்தில் அத்தனை அறைக்கும் விரிப்பு மாற்ற வேண்டும், குளியலறை கழுவ வேண்டும். அதனால் எட்டு மணி வாக்கில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். பந்தியும் மற்ற நாளைவிடச் சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும். மூன்று மணி நேரத்தில் பரவலாக வந்து சாப்பிட்டவர்கள் எல்லாம் ஒரே மணி நேரத்தில், கையில் பையோடு வருகிறார்கள். யார் மேலும் குற்றம் இல்லை, கப்பலின் ஓட்டம் அப்படி. எனக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை.

முந்தின இரவு பெரிய பெட்டிகளில் வண்ண அட்டை கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பதினொரு மணிக்குள் வைத்தால் அவர்களே எடுத்துப் போய், காலையில் முனையத்தில் அடுக்கி வைப்பார்கள். அம்மாவின் பெட்டியை நான்தான் கட்டினேன். காலைக்கு ஒரு புடவை, கடவுச்சீட்டு, இன்சுலின் பேனா, சர்க்கரை பார்க்கும் கருவி ஆகியவற்றை வெளியே எடுத்து வைத்தேன். குளுக்கோஸ் டப்பாவையும் பிஸ்கட்டையும் பெட்டிக்குள் போட்டேன். காலையில் பந்தி இருக்கும்போது பிஸ்கட் எதற்கு என்று தோன்றியது.

எங்கள் ஈசூன் வீட்டில் அம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆறே முக்காலுக்கு ஊசி, ஏழே காலுக்கு இட்லி. அவருடையது சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய கலவை வகை. அன்றும் சரியாக ஆறே முக்காலுக்குப் போட்டுக்கொண்டார். ஏழு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினோம். மின்தூக்கி வந்தது, நிறைய ஆட்கள், நிறையப் பைகள். அடுத்ததும் அப்படியே. அம்மாவின் முட்டி வலிக்கு ஆறு தளம் படியேற முடியாது. மேலே போய்ச் சேர ஏழு இருபது ஆகிவிட்டது.

உட்கார இடம் இல்லை. தூண் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி கிடைத்தது, அதில் அம்மாவை உட்காரவைத்தேன். வீட்டுக்காரர் பைகளோடு பக்கத்தில் நின்றார். நான் இட்லி எடுக்கப் போனேன். தட்டு காலி, அடுத்தது வருகிறது என்றார்கள், வரிசையில் பத்துப் பேர். நானும் நின்றேன். நான் நின்ற இடத்திலிருந்து நாலு அடியில் ரொட்டியும் ஜாமும் வாழைப்பழமும் இருந்தன. அம்மா காலையில் ரொட்டி சாப்பிட மாட்டார் என்று இட்லிக்குக் காத்திருந்தேன். அந்தப் பதினைந்து நிமிஷத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஏழே முக்காலுக்குத் தட்டோடு திரும்பினேன். குளிரூட்டியில் எல்லாரும் சட்டையை இழுத்துவிட்டுக் கொண்டிருக்க, அம்மாவின் நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. ரவிக்கையின் முதுகு நனைந்திருந்தது. விரல்கள் முந்தானை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, ரொம்ப இயல்பாக, "அப்பா கடைக்குப் போயிட்டாரா?" என்றார்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. மேசை துடைத்துக் கொண்டிருந்த சிப்பந்தி ஒருவர் திரும்பிப் பார்த்தார். நாகர்கோவில் பக்கத்துத் தம்பி என்று பிறகு தெரிந்தது. ஒன்றுமே கேட்காமல் போய் ஒரு குவளை ஆரஞ்சுச் சாறும் மூன்று சீனிப் பொட்டலமும் கொண்டுவந்தார். "அம்மா, இத மொதல்ல குடிங்க, இட்லி அப்புறம்" என்று குவளையை அம்மாவின் கையில் வைத்து, தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சீனியைக் கலக்கி முக்கால் குவளை குடிக்க வைத்தோம். கருவியில் பார்த்தபோது 3.1. இங்கே மில்லிமோல் கணக்கு, 4.0-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. இந்தியாவில் பார்க்கும் மில்லிகிராம் கணக்கில் 3.1 என்பது 56. பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தோம், 4.6. அதற்குப் பிறகுதான் இட்லி. அம்மாவுக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. "இட்லி ஏன் ஆறிப்போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கு வந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். அங்கிருந்த தாதி பொறுமையாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீட்டில அடுப்பு உங்க கையில இருக்கு, அதனால மணியப் பார்த்து ஊசி போடலாம். வெளியில சாப்பாடு உங்க கையில இல்ல. அங்க மணியப் பார்க்காதீங்க, சாப்பாட்டப் பாருங்க." அரை மணி முன்னால் போட வேண்டிய வகையாக இருந்தாலும், மேசையில் உட்கார்ந்து, சாப்பிடத் தக்க ஏதோ ஒன்று கைக்கு வந்த பிறகே போட வேண்டும் என்றார். சில வகை இன்சுலினைச் சாப்பிடத் தொடங்கும்போதே போடலாம். எல்லாப் பேனாவும் ஒன்றல்ல. கிளம்புவதற்கு முன் உங்கள் பேனாவைக் கொண்டுபோய் மருத்துவரிடமோ தாதியிடமோ காட்டி, "சாப்பாடு தாமதமானால் என்ன செய்வது" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சொன்னது உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பொருந்தாமல் போகலாம். இன்னொன்று, மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் இது உண்டு. கிளிக்லசைட், கிளிபிசைட் போன்றவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு.

இரண்டாவது பயணத்தில் மேல்தளப் பந்திக்கே போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிற பெரிய உணவறை இருக்கிறதே, அது பல கப்பல்களில் கடைசி நாள் காலையும் திறந்திருக்கும். பலருக்கு இது தெரிவதில்லை. காலை என்றாலே கால் தானாக மேல்தளத்துக்குப் போகிறது. உணவறையில் நாற்காலிக்கு அலைய வேண்டாம், தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம், பெரியவர் உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வரும். கேட்டது வர இருபது நிமிஷம் ஆகலாம், ஆனால் ரொட்டிக் கூடை முதலிலேயே வந்துவிடும். கூடை மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அம்மா பேனாவை எடுப்பார். ஒரு துண்டு ரொட்டி தட்டில் தயாராக இருக்கும், உடம்பு கொஞ்சம் தளர்ந்தாலும் எடுத்து வாயில் போட வேண்டியதுதான். ஊசி முனையை மேசையிலோ அறைக் குப்பைத் தொட்டியிலோ விட்டுவிடாதீர்கள். அன்று அவசர அவசரமாகக் கூட்டி அள்ளுகிறவரின் கையில் குத்தும். முதல் நாளே அறைச் சிப்பந்தியிடம் கேட்டால் பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கென்று தனி டப்பா தருவார்கள்.

உணவறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை முந்தின நாளே நேரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சைவம் வேண்டுமென்றால் கடைசி இரவுச் சாப்பாட்டின்போதே பொறுப்பாளரிடம் சொல்லி வையுங்கள். கேட்டு வைத்தவர்களுக்கு உப்புமாவோ இட்லியோ தனியாக வந்தது, கேட்காதவர்களுக்குப் பட்டியலில் இருப்பதுதான். அறைக்கே பசியாறல் வரவழைத்துக் கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். கடைசி நாள் காலை அந்தச் சேவையைப் பல கப்பல்களில் நிறுத்திவிடுவார்கள்.

போக வேண்டிய நேரம், என்னைக் கேட்டால், கதவு திறக்கும்போதே. ஏழரை மணிதான் மோசமான நேரம். சீக்கிரம் எழுந்தவர், தாமதமாக எழுந்தவர், அறையைப் பூட்டிவிட்டு வந்தவர் எல்லாரும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்கிறார்கள். ஆறரைக்குப் போனால் மின்தூக்கியும் காலி, உணவறையும் காலி. அந்த நேரத்துக் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழும். மலாக்கா நீரிணை வழியாக வரும் கப்பல், 1855-இலிருந்து எரிந்துகொண்டிருக்கும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித்தான் உள்ளே வரும். அதற்கப்புறம் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள், இருட்டில் ஒரு ஊரே மிதப்பதுபோல. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்கப்பா இதுல எத்தனை கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சிருப்பாரோ" என்றார்.

கடிகாரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. புக்கெட் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் வழியில் நேரத்தை மாற்றும், சில சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். கைத்தொலைபேசியோ, கரையில் பிடித்த தாய்லாந்து நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நடுக்கடலில் தவறாகக் காட்டும். இரண்டாவது பயணத்தில் என் தொலைபேசி ஐந்தே முக்கால் என்றபோது கப்பலில் ஆறே முக்கால். நல்லவேளை, அம்மா தன் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றுவதே இல்லை. 1982 ஜனவரி முதல் தேதி சிங்கப்பூரே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதைப் பார்த்தவர் அவர். "அதுக்கப்புறம் இந்த வாட்ச்ல நான் நேரத்த மாத்தினதே இல்ல" என்பார். கடைசி இரவு படுக்கும்முன் கப்பலின் நேரத்தை வரவேற்பு முகப்பில் கேட்டு, ஒரு சாதாரணக் கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஊசிக்கும் அதே கணக்குதான்.

இப்போது எங்களிடம் ஒரு சின்னத் துணிப்பை உண்டு. கடைசி இரவு எந்தப் பெட்டி வாசலுக்குப் போனாலும் அது அம்மாவின் தலையணைப் பக்கத்திலேயே இருக்கும். பேனா, கருவி, அன்றைய மாத்திரை, பிரிக்காத கிரீம் கிராக்கர் பொட்டலம், சர்க்கரை பானம் இரண்டு. பானத்தைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். 2022 டிசம்பர் 30-இலிருந்து இங்கே பொட்டலப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேடு முத்திரை போடுகிறார்கள். சர்க்கரை மிகக் குறைந்தது ஏ, அதிகமானது டி. அதற்குப் பிறகு பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். மற்ற நாளுக்கு நல்லதுதான். ஆனால் தாழ்சர்க்கரைக்கு உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். முத்திரையில் 4 விழுக்காடு என்றிருக்கும் 200 மில்லி பொட்டலத்தில் வெறும் 8 கிராம்தான் இருக்கும். 8 விழுக்காடு என்றால் 16 கிராம். வருஷம் முழுக்க ஏ, பி என்று தேடி வாங்கும் நான், இந்தப் பைக்கு மட்டும் விழுக்காட்டைப் பார்த்து, அதிகம் உள்ளதைத்தான் வாங்குகிறேன். மைலோவோ சாக்லேட்டோ இதற்கு ஆகாது. பாலும் கொழுப்பும் சேர்ந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். ஒன்றும் இல்லாவிட்டால் மூன்று தேக்கரண்டி சீனி, கொஞ்சம் தண்ணீர். அந்தச் சிப்பந்தித் தம்பி செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

பந்தியிலிருந்து பன்னையும் பழத்தையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கப்பலின் சாப்பாட்டைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அறிவிப்பே செய்கிறார்கள். நாம் வீட்டிலிருந்து கொண்டுபோன பிரிக்காத பிஸ்கட் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? மேல்தளத்துக்குத்தான் போக வேண்டியிருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாசலில் தெளிக்கும் திரவம் மட்டும் போதாது. கப்பலில் பரவுகிற நோரோ கிருமி அதற்கு அவ்வளவாக அடங்காது. எல்லாரும் பிடித்த கரண்டியைப் பிடித்த கையால் பெரியவருக்கு ஊட்டப் போகிறோம்.

"கப்பல்ல ஒரு தே மட்டும் குடிச்சிட்டு தேக்காவுல போய் தோசை சாப்பிடலாம்" என்று என் தம்பி சொல்வான். அவனுக்குச் சரி. ஊசி போடுகிறவருக்குச் சரிவராது. எட்டுக்கு அறையை விட்டால், நம் எண்ணைக் கூப்பிடும்வரை கூடத்தில் காத்திருக்க வேண்டும், அங்கே சாப்பிட ஒன்றும் இருக்காது. அப்புறம் நீண்ட நடைபாதை, குடிநுழைவு, பெட்டி தேடல், டாக்ஸி வரிசை. ரயிலில் போகலாம் என்றால் மரினா சவுத் பியர் நிலையம் வெயிலில் பத்து நிமிஷ நடை, அங்கிருந்து டோபி காட், மாறி லிட்டில் இந்தியா, அதுதான் தேக்கா. எம்ஆர்டி ரயிலில் வாயில் எதையும் போட முடியாது, 500 வெள்ளி வரை அபராதம். தோசை கண்ணில் படும்போது பத்தரை ஆகிவிடும். அதனால் அம்மாவுக்குக் கப்பலில்தான் பசியாறல். தேக்கா அப்புறம் ஒரு கோப்பிக்கு.

மற்றவை எல்லாம் சில்லறை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முந்தின நாளே வரவேற்பில் பெயர் கொடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம், கட்டணம் இல்லை. காலையில் அதை வைத்துக்கொண்டு வரிசையில் திணறாதீர்கள். ஊரிலிருந்து வந்த உறவினர் கூட இருந்தால், திரும்பி உள்ளே நுழையவும் விசா செல்லுமா என்று பதிவு செய்யும் முன்பே பாருங்கள். சாப்பிட்டதும் எல்லாரும் ஒரு தடவை கழிவறை போய்வந்து, அதற்கு அப்புறம் கூடத்தில் உட்காருங்கள்.

போன டிசம்பரில் மூன்றாவது தடவை போய்வந்தோம். கடைசி நாள் ஆறே முக்காலுக்கு உணவறை ஜன்னல் ஓரம். கூடை வந்தது, அம்மா ஊசி போட்டுக்கொண்டார், உப்புமா வந்தது. கூடத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நடுவில் ஒரு தடவை கருவியில் பார்த்தோம், 7.2. டாக்ஸியில் ஈசூன் வந்து சேர்ந்தபோது துணிப்பையில் இரண்டு பானமும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மகன் ஒன்றைக் கேட்டான். "அது அடுத்த கப்பலுக்குடா" என்று குளிர்பெட்டியில் வைத்தார் அம்மா. அரை மணி கழித்துப் பார்க்கிறேன், பேரனும் பாட்டியும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான், பிரித்த உறிஞ்சுகுழல் உறையை அம்மா நாலாக மடித்துக்கொண்டிருக்கிறார்.